கூடலூர்–பந்தலூர் பக்கம் ஊர்ச் சுகாதார மையம்: 15 சென்ட் இடம் இருக்கிறது, என்ன கட்டலாம்?

மழைநாட்டு டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் இருக்கிறோம். இடத்து விஷயம் முடியும் வரை ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டை ஒட்டி 15 சென்ட் நிலத்தைச் சுகாதார மையத்துக்குக் கொடுக்க ஒரு தோட்டக் குடும்பம் முன்வந்திருக்கிறது. நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள்.

எங்களைச் சுற்றி இரண்டு எஸ்டேட் டிவிஷன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடியிருப்பு, சிறு தேயிலை விவசாயிகளின் வீடுகள், ஒரு பஜார், உள்ளே பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி மக்களின் காலனிகள். பஜாரில் இருப்பவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் ஜீப் பிடித்து கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்கோ கூடலூருக்கோ போய்விடுகிறார். காலனியில் இருப்பவர் காய்ச்சல் நாலு நாள் தாண்டின பிறகுதான் வெளியே வருகிறார். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவரின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில். இந்த வித்தியாசம் குறைய வேண்டும், அதற்காகத்தான் மையம் வேண்டும் என்கிறேன். ஊர்க்கமிட்டியில் பாதிப் பேர் இரண்டு மாடி, பத்துப் படுக்கை, ஸ்கேன் மெஷின் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: என்ன கட்டலாம், எங்கே கட்டலாம், யார் நடத்துவது?

சிவப்புமண் (கோத்தகிரி, கட்டடத் தொழில்)

டீச்சர், கட்டடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 15 சென்ட் என்றால் சுமார் 6,500 சதுர அடி. மலைச்சரிவில் அவ்வளவையும் கட்ட முடியாது, கட்டவும் கூடாது. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது, அதை மனதில் வைத்துத்தான் வரைபடமே போட வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் எத்தனை பேர் போனார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும். மண்ணை வெட்டிச் சமன்படுத்தி, தண்ணீர் போக வழி விடாமல் சுவர் எழுப்பினால் அடுத்த பெருமழையில் அது நிற்காது. முதல் செலவு தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்கும். கட்டடம் அதற்குப் பிறகு.

தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் தகரக் கூரை போட்டால் ஜூன், ஜூலையில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எதையும் கேட்க முடியாது. கூரைக்குக் கீழே இன்னொரு தட்டு அடித்தே ஆக வேண்டும். இன்னொன்று, வராந்தாவை அகலமாக வையுங்கள். நனைந்து நடந்து வருகிறவர்கள் உட்கார இடமில்லை என்றால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். நான்கு அறையும் பெரிய வராந்தாவும் போதும், மாடி வேண்டாம் என்பது என் கருத்து.

டிவிஷன் பையன்

எங்க தாத்தா பாட்டி சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துல கண்டியிலிருந்து வந்தவங்க. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீல வேலை பார்த்தே ஓய்ஞ்சாங்க. 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி கொடுக்கிறது எஸ்டேட்டோட பொறுப்புன்னு வச்சது. அதனால வெளியில இருக்கிறவங்க “உங்களுக்கென்ன, எஸ்டேட் டிஸ்பென்சரி இருக்கே”ன்னு கேப்பாங்க. ஓய்வு பெற்றவங்களுக்கு? தற்காலிக ஆளுங்களுக்கு? வேலை நின்னா லயத்து வீடும் கேள்வி, மாத்திரையும் கேள்வி. நாற்பது வருஷம் கொழுந்து பறிச்ச கைக்கு மூட்டு வலியும், சக்கரையும், பிரஷரும்தான் மிச்சம்.

டீச்சரக்கா, என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. நேரம். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் மூடுற ஆஸ்பத்திரிக்கு எங்கம்மா போனா அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போச்சு, சில சமயம் முழுப்பேரும் போச்சு. அந்தக் காசுக்குப் பயந்துதான் மார்பில கட்டியைக் கூட ஆறு மாசம் மறைச்சு வைக்கிறாங்க. சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழரை வரை திறந்து வைங்க, ஞாயித்துக்கிழமையும் திறந்து வைங்க. கட்டடம் எப்படி இருந்தாலும் லயத்து சனம் வரும்.

கூடலூர் வியாபாரி

எல்லாரும் சின்னதாகவே யோசிக்கிறீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தால் உங்கள் வராந்தா காப்பாற்றுமா? ரோட்டில் யானை நிற்கும். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டம் ஏற்றம் வேறு. மைசூர் போகலாம் என்றால் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை. அதனால் படுக்கையும் டாக்டரும் இல்லாத எதையும் ஜனங்கள் ஆஸ்பத்திரி என்று ஏற்கமாட்டார்கள். நன்கொடை கேட்கப் போகும்போதும் கட்டடம் என்றால்தான் கை நீளும். மாதச் சம்பளத்துக்குக் காசு கொடு என்று கேட்டுப் பாருங்கள், யார் தருகிறார்கள் என்று.

மலைமருத்துவன்

வியாபாரி அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. இரவு நேர அவசரம் இந்த மலையில் பெரிய விஷயம். ஆனால் பத்துப் படுக்கை என்றால் மூன்று ஷிப்டுக்கு நர்ஸ், இரவு டாக்டர், ஆக்சிஜன், ஜெனரேட்டர், சமையல், லாண்டரி. திறந்த ஆறாவது மாதத்தில் டாக்டர் போய்விடுவார், படுக்கையில் துணி மூட்டை இருக்கும். அப்படிக் கிடக்கும் கட்டடங்களை மலை மாவட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெஞ்சு வலிக்கே வருவோம். “இதயம் காப்போம்” திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடார்வாஸ்டாடின் மூன்றையும் முதல் வேளையாக ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் கொடுத்து அனுப்ப 2023 முதல் ஏற்பாடு இருக்கிறது. அந்த மாத்திரைகள், ஒரு ஈசிஜி, அதை எடுக்கத் தெரிந்த ஆள், தயாராக நிற்கும் வண்டி. உயிர் பிழைப்பது இவற்றால்.

இனி இந்தப் பகுதிக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன். சிக்கிள் செல் என்ற அரிவாள் அணு இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1952-ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். தாய், தகப்பன் இருவரும் அந்த மரபணுவைத் தாங்கியவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தண்ணீர் குறைந்தால், காய்ச்சல் வந்தால், குளிர் ஏறினால் இரத்த அணுக்கள் வளைந்து அடைத்துக்கொள்ளும். அந்த வலியைத் தாங்க முடியாது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடலூரிலிருந்து 2,200 மீட்டரைத் தாண்டிய உதகையின் குளிருக்குள் அப்படி ஒருவரைப் போர்வைகூட இல்லாமல் அனுப்புகிறோம். வலி தொடங்கும்போதே பக்கத்தில் ஒரு டிரிப், வலி மருந்து, ஒரு சூடான அறை கிடைத்தால் பெரும்பாலானவர்களை அங்கேயே தேற்றிவிடலாம்.

ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை இந்த வலியின் வருகையைக் குறைக்கும். அதைத் தொடர வேண்டுமானால் இரத்த அணு எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்தாக வேண்டும். ஸ்கேன் மெஷினுக்கு ஆசைப்படுவதை விட்டு, இரத்த அணு எண்ணும் கருவி உள்ள சின்ன லேப் வையுங்கள். கர்ப்பிணிக்கும், காய்ச்சல்காரருக்கும், சர்க்கரை நோயாளிக்கும் அதே லேப்தான் உதவப்போகிறது. 2023 ஜூலையில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. பரிசோதனை முகாம் நடக்கும், அட்டை கொடுப்பார்கள். முகாம் முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது?

அதற்குப் பதில் கூடலூரிலேயே இருக்கிறது. ஆதிவாசி மருத்துவமனை 1990-ல் வந்தது. அதற்கு முன்பே, 1987-லிருந்தே, ஊர் ஊராகப் பழங்குடிப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். கர்ப்பிணிக் கணக்கு, தடுப்பூசி, குழந்தையின் எடை எல்லாம் அவர்கள் கையில். அந்தப் பெண்கள் கண்டுபிடித்த நோயாளிகளை அனுப்ப ஓர் இடம் வேண்டும் என்று ஆனபோதுதான் மருத்துவமனை. பிறகு பழங்குடிப் பெண்களே நர்ஸ் பயிற்சி பெற்று அதை நடத்தினார்கள். 1992-ல் காப்பீடும் வந்தது. அதைப் பற்றி 2010-ல் வெளியான ஆய்வில், காப்பீட்டில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றார்கள் என்று வந்தது. நோய் அவர்களுக்கு மட்டும் கூடிவிடவில்லை, வாசல் திறந்தது. இந்த வரிசையை நீங்கள் மாற்றாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்: முதலில் ஆள், பிறகு கட்டடம்.

காட்டுநெல்லி

நான் பணியர் வீட்டுப் பெண். சுகாதாரப் பணியாளரா இருக்கேன். எழுதிப் பழக்கம் குறைவு, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க ஆளுங்க ஏன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. அறியாமைன்னு சொல்லிடறாங்க. வந்தா என்ன நடக்குதுன்னு கேளுங்க. ஒரு பாட்டியைக் கூட்டிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேரு சொல்ல விரும்பல. வரிசையில நின்னோம். எங்களுக்குப் பின்னாடி வந்தவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. “குளிச்சுட்டு வரமாட்டீங்களா”ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. பாட்டிக்குத் தமிழ் புரியும், பேச வராது. எங்க மொழியில சொன்னதை நான் சொல்றதுக்குள்ள சீட்டு எழுதி முடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பாட்டி சாகற வரைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் வரல.

டீச்சரக்கா, கோபப்படாதீங்க. அந்த 15 சென்ட் இடம் யாருடையதோ அவங்க தோட்டத்துலதான் எங்க பல பேர் கூலிக்குப் போறாங்க, முன்பணம் வாங்கியிருக்காங்க. அவங்க பேரு போட்ட போர்டுக்குக் கீழ போய் எங்க நோயைச் சொல்லணும்னா பாதிப் பேர் யோசிப்பாங்க. அவங்க நல்லவங்கதான், அது வேற. வேலை கொடுக்கறவங்களுக்கு நம்ம உடம்பு விஷயம் தெரியக் கூடாதுன்னு எல்லாருக்கும் இருக்கும்தானே? கட்டறதுக்கு முன்னாடி எங்க காலனிக்கு வந்து ஒரு கூட்டம் போடுங்க. பஜார்ல போட்டா ஆம்பளைங்க ரெண்டு பேர் வந்து தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

சட்டம் படிக்கிறவன்

காட்டுநெல்லி அக்கா சொன்னதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்கோ பொதுச் சுகாதாரத் துறைக்கோ மாற்றிவிடுங்கள். தனியார் பெயரில் இருக்கும் வரை அரசு நர்ஸ் வரமாட்டார், அரசு மருந்தும் வராது. எழுதுவதற்கு முன் வில்லங்கச் சான்று எடுங்கள். கூடலூர், பந்தலூர் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த நிலம், பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழித்த 1969-ம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய பிரிவு 17-க்குள் வருகிறதா? வந்தால் பட்டாவும் மின் இணைப்பும் வருடக்கணக்கில் இழுக்கும். இதைப் பார்க்காமல் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம்.

இரண்டாவது, காலனி பக்கமே ஒரு துணை மையம் வேண்டுமென்றால் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2)-ஐப் படியுங்கள். மருத்துவமனை, பள்ளி, அங்கன்வாடி போன்ற அரசு வசதிகளுக்கு ஒவ்வோர் இடத்துக்கும் 1 ஹெக்டேருக்குள் வனநிலத்தைத் தரலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். “காடு, அனுமதி கிடைக்காது” என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவை எழுத்தில் காட்டிக் கேளுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கும் காட்டுவார்கள். மலை, பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். நம் காலனிகள் சிதறிக் கிடப்பதால் இந்த எண்ணிக்கை எப்போதும் எட்டாது. மலை மாவட்டங்களுக்கு “குடியிருப்பிலிருந்து 30 நிமிட நடைக்குள்” என்ற அளவுகோலை மத்திய சுகாதாரத் துறையே பேசியிருக்கிறது. மனுவில் ஆள் எண்ணிக்கையோடு நடை நேரத்தையும் போடுங்கள்.

பணத்துக்கு: “நமக்கு நாமே” திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம், எம்.எல்.ஏ. தொகுதி நிதி இரண்டையும் கேட்கலாம். வியாபாரி அண்ணன் சொன்ன நன்கொடையாளர்களின் கை அந்த மூன்றில் ஒரு பங்குக்கு நீளட்டும்.

பண்ணைக்காடு

பழனி மலையிலிருந்து ஒரு வார்த்தை. வெள்ளகவி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறோம். வலி வந்த பிறகு வண்டி தேடினால் மலையில் தோற்றுப்போவோம். சில மலை ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது. தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே வந்து தங்கிவிடலாம். உங்கள் நான்கு அறைகளில் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். அடுப்பு வையுங்கள், கூட வரும் மாமியாருக்கும் மூத்த பிள்ளைக்கும் படுக்க இடம் வையுங்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கவலையில்தான் பெண்கள் முன்கூட்டி வர மறுக்கிறார்கள்.

ஊட்டிக்காரன், இப்போ பாஸ்டனில்

நான் இருக்கும் ஊரில்தான் அமெரிக்காவின் முதல் சமுதாயச் சுகாதார மையங்களில் ஒன்று 1965-ல் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் திறந்தது. அதே குழு மிசிசிப்பியில் மவுண்ட் பேயூ என்ற ஊரிலும் தொடங்கியது. பருத்திக்காட்டுக் கறுப்பின மக்கள், கடும் வறுமை. அந்தக் குழுவின் டாக்டர் ஜாக் கைகர் சத்துக்குறைவான பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார். மளிகைக் கடைக்குப் பணத்தை மையமே கட்டியது. மேலதிகாரிகள் கேட்டபோது, சத்துக்குறைவுக்கு மருந்து உணவுதானே என்றார். கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், கூட்டுப் பண்ணை வைத்தார்கள்.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்கும் அந்நாட்டுச் சட்டப்படி கூட்டரசு நிதி பெறும் சமுதாயச் சுகாதார மையத்தின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்த மையத்தில் சிகிச்சை பெறுகிறவர்களாக இருக்க வேண்டும். மையத்தின் தலைமை நிர்வாகியைத் தேர்ந்தெடுப்பதும், நேரத்தை முடிவு செய்வதும், கணக்குப் பார்ப்பதும் அந்தக் குழு.

காட்டுநெல்லி

பாஸ்டன் அண்ணா சொன்ன அந்தப் பாதிக்கு மேல்ங்கறது எனக்குப் புடிச்சிருக்கு. இங்கயும் நோயாளர் நலச் சங்கம்னு பேப்பர்ல இருக்கு, யார் யார் அதுல இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. அந்தப் பாதியில காலனிப் பெண்களும் லயத்துப் பெண்களும் இருக்கணும். கூட்டம் வைக்கற அன்னிக்குக் கூலி போகுதே, அதைக் கொடுக்கணும். இல்லன்னா ரெண்டாவது கூட்டத்துக்கு யாரும் வரமாட்டாங்க, அப்புறம் “கூப்பிட்டோம், அவங்கதான் வரல”ன்னு எழுதிடுவாங்க.

ஊதா நர்ஸ்

அரசு வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் அடக்கமாகவே எழுதுகிறேன். கட்டடம் திறந்ததும் மறந்துபோகிற விஷயங்கள் சில.

மின்சாரம் போகும். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும், மின்சாரம் போனாலும் குளிர் தாங்கும் ஐஎல்ஆர் பெட்டி இல்லாமல் ஊசியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். பாம்புக்கடிக்குத் தூள் வடிவ விஷமுறிவு மருந்து அவ்வளவு குளிர் கேட்காது, வைத்திருக்கலாம். ஆனால் அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான். நம் தோட்டங்களில் கடிக்கும் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது. அப்படி வருபவரைக் கவனித்துக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஊசி, பஞ்சு, இரத்தக் கழிவை எரிக்கிறேன், புதைக்கிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள், 2016 விதிகளின்படி எடுத்துப்போகும் ஏற்பாட்டோடு சேர வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நீங்கள் அதற்குப் போட்டியாக எதையும் செய்ய வேண்டாம். அந்தத் தன்னார்வலரும், கிராம சுகாதார செவிலியரும், காட்டுநெல்லி போன்றவர்களும் வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார ஓர் அறை கொடுத்தாலே பாதி வேலை நடக்கும். இப்போது ஒருவர் பார்த்த காசநோயாளியை இன்னொருவருக்குத் தெரியாது.

மழைநாட்டு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. காட்டுநெல்லி, உங்கள் பதிவைக் கமிட்டியில் வாசித்தேன். நிலம் கொடுக்கும் குடும்பத்தின் பெரியவரும் இருந்தார். “போர்டில் என் பேர் வேண்டாம், ஊராட்சிக்கு எழுதிவிடுகிறேன்” என்று அவரே சொன்னார். பத்திரம் எழுதும் முன் பிரிவு 17 விவகாரத்தைத் தாலுகா அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கூட்டத்தைக் காலனியிலேயே போட்டோம், பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். அவர்கள் முதலில் கேட்டது மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட ஒரு பாலம். அதை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்தால் அதுவும் மருத்துவம்தான், பாலம் இல்லாமல் எந்த மையத்துக்கும் வர முடியாது. பாலத்துக்கு ஊராட்சியில் தனி மனு கொடுத்திருக்கிறோம். காலனிக்கு ஒருவர், டிவிஷனுக்கு ஒருவர் என்று சுகாதாரப் பணியாளர்களை அந்தந்த இடத்துப் பெண்களே தேர்ந்தெடுப்பார்கள், அவர்களின் பயிற்சி கட்டடத்துக்கு முன்பே தொடங்கும். கட்டடம் மாடியில்லாமல்: பார்க்கும் அறை, லேப், காத்திருப்புத் தாய்மார் அறை, கூட்டு மேசைக்கு ஓர் அறை, வராந்தா. நேரம் மாலை, ஞாயிறு உட்பட. சாயங்கால நேரத்துக்கு டாக்டர் யார் என்பது இன்னும் தீரவில்லை.

கூடலூர் வியாபாரி

டீச்சர், பாலம் சரி, பணியாளர்கள் சரி. இரவுப் படுக்கை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இரண்டு படுக்கையாவது வேண்டும். என் அம்மாவை அந்த ரோட்டில்தான் இழந்தேன்.

மலைமருத்துவன்

அண்ணா, அந்த வலி எனக்குப் புரிகிறது, இதை வாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருஷம் கணக்கு எழுதுவோம். இரவில் யார் வந்தார்கள், என்ன நோவு, வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது, எங்கே போனார்கள், என்ன ஆனது. இரண்டு படுக்கையால் தேறியிருக்கக்கூடியவர்கள் அதில் தெரிவார்கள். சிக்கிள் செல் வலிக்கு ஒரு படுக்கை எப்படியும் தேவை, அதைத் தொடக்கத்திலேயே லேப் அறைக்குப் பக்கத்தில் போடச் சொல்வேன். இரண்டாவதை அந்த நோட்டுப் புத்தகம் முடிவு செய்யட்டும்.

ஊதா நர்ஸ்

அந்த நோட்டில் இன்னொரு பத்தியும் போடுங்கள்: எந்தக் காலனி, எந்த டிவிஷன், எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள் என்று. இரவில் வராமல் வீட்டிலேயே இறந்தவர்களையும் பணியாளர்கள் வழியாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வந்தவர்களின் கணக்கு மட்டும்தான் கிடைக்கும். படிவத்தின் மாதிரியை இந்த வாரம் எழுதி அனுப்புகிறேன். காட்டுநெல்லி, கேள்விகளை உங்கள் மொழியில் எப்படிக் கேட்பது என்று நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.